சாமியாகிவிட்ட தூங்குமூஞ்சிக் கட்டைகள்

மலேசியத் திருநாட்டில் கூலிமுக்கும் பாலிங்குக்கும் நடுவே, பெயரைக் கேட்டாலே மரங்கள் பாதி சாய்ந்துவிடும் என் அருமை மச்சானுக்கு,

மேலே சுகமா என்று கேட்க மாட்டேன். அங்கே மரம் என்று ஒன்று இருந்தால் நீங்கள் சும்மா இருக்க மாட்டீர்கள். கற்பக மரத்தை அண்ணாந்து பார்த்து, "கிழக்குப் பக்கக் கிளை கொஞ்சம் ஆபத்து, எடுத்துடலாம்" என்று தேவர்களிடம் பேச்சு நடத்திக்கொண்டிருப்பீர்கள். நடத்துங்கள். அறுத்த கட்டையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அதற்கு வழி செய்யாமல் போனீர்கள்; உங்கள் மச்சினனுக்குத் தூக்கம் போயிற்று.

மரத்தைச் சாய்க்க அரை நாள், மிச்சத்தைக் கழிக்க அரை ஆயுசு என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? இலையும் சிறு கிளையும் ஒரு லோரியில் போய்விடும். பெருங்கட்டைக்கு ஆள் தேட வேண்டும். நகராண்மைக் கழகத்துக்குப் பயந்து எரிக்கவும் முடியாது. சுங்கைப் பட்டாணி சாலையோரம் நின்ற அந்தத் தூங்குமூஞ்சி மரத்தின் அடியை மூன்று துண்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். சமையலறைப் பலகைச் சுவரை ஒட்டித் தகரக் கொட்டகைக்குக் கீழே இறக்கினீர்கள். ஒவ்வொன்றையும் யானைக்குட்டி என்று சொன்னால் என் மரியாதைக்குக் குறைவு. யானையின் பாட்டன்.

செங்கல் சூளைக்காரர் வந்து ஏற்றுவதற்குள், ஆள் இல்லாத நேரம் பார்த்து யாரோ மீன் சுடுவதற்குக் கொத்திக்கொண்டு போனார்கள். நீங்கள் போலீசுக்கா போனீர்கள்? மஞ்சளைக் குழைத்துப் பூசினீர்கள், குங்குமப் பொட்டு வைத்தீர்கள், நடுக்கட்டையின் அறுத்த முகத்தில் மஞ்சள் கையை ஐந்து விரலும் விழ அழுத்திப் பதித்தீர்கள். மேலே ஓர் எலுமிச்சம்பழம். "இனிமே முனியாண்டி பார்த்துக்குவாருலா" என்று என்னிடம் கண்ணடித்தீர்கள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மறு வாரம் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

திருட்டும் நின்றது, மச்சான். அதோடு எல்லாமே நின்றது. சூளை லோரிக்காரர் கொட்டகைவரை வந்தார், பொட்டைப் பார்த்தார், லோரியைத் திருப்பினார். போன வேகத்தில் தாய்லாந்து எல்லையைத் தாண்டியிருப்பார். விறகு அடுப்பில் சோறும் கறியும் ஆக்கி விற்கும் நாசி கண்டார் கடை பாயிடம் போய், சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். "தம்பி, உங்க சாமிய எரிச்சு நான் சோறு ஆக்குனா, உங்க ஆளும் வரமாட்டாங்க, எங்க ஆளும் வரமாட்டாங்க" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

பிறகு லாட்டரிக்கு நம்பர் கேட்கிறவர்கள் வந்தார்கள். யாரோ ஒருவருக்குக் கட்டையின் வளையங்களில் எண் தெரிந்து, அது சின்னப் பரிசாக அடித்தும் தொலைத்தது. அன்றிலிருந்து கெடா மாநிலத்தில் பாதி நம் வீட்டுக் கொல்லையில்தான். சுருட்டு, ஊதுபத்தி, கற்பூரம். மாதக்கணக்காகக் காய்ந்த கட்டைமேல் கற்பூரம்! ஒரு முழம் தள்ளிப் பலகைச் சுவர். சுவருக்கு உள்பக்கம் சமையல் கேஸ் நிரம்பிய தோங். மழையோ எட்டிப் பார்ப்பதாக இல்லை. ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு வேலையாள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டே, எங்கே புகை தெரிந்தாலும் அக்கா வீடுதான் என்று பதறினேன். பஸ்ஸை நிறுத்தும் இடமெல்லாம் அவளுக்குப் போன். "இன்னும் எரியலடா, நீ ரோட்டப் பாரு" என்பாள்.

கூட்டத்தை விரட்டியிருக்கலாமே என்பீர்கள். எப்படி விரட்டுவேன்? வெள்ளிக்கிழமை முதல் விளக்கை ஏற்றுவதே அக்காதான். நடுக்கட்டை முன்னால் விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருப்பாள். அது சாமி இல்லை, உங்கள் குறும்பு என்று சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும்? சொல்லாவிட்டால் வீடு மிஞ்சுமா?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பயந்தது நடந்தது. கற்பூரம் ஒன்று உருண்டு மரத்தூளில் விழுந்து, தூள் கனன்று, பலகையின் அடியைப் பிடித்துக்கொண்டது. நான் வந்து சேர்ந்தபோது, துணி ஊறப்போட்டிருந்த வாளியை அப்படியே கவிழ்த்து அக்கா அணைத்திருந்தாள். சுவரில் ஒரு கை நீளத்துக்குக் கரி. எட்டத்தில் நின்ற ஒருவர் அந்தக் கரியில் நம்பர் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று சொல்லிவிட்டேன். திருட்டு, மஞ்சள், நீங்கள் கண்ணடித்தது, எல்லாவற்றையும். அழுவாள் என்று பார்த்தேன்.

"தெரியும்டா. மஞ்சத் தூள் என் டப்பாவுலேர்ந்துதானே போச்சு."

"அப்புறம் எதுக்குக்கா விளக்கு?"

"சாமிக்குன்னு நான் சொன்னனா? அவரு கை அதுல இருக்கு. வேற எங்க இருக்கு, சொல்லு."

வாளியை எடுத்துப்போய் மறுபடியும் நிரப்பிச் சுவரில் ஊற்றினேன்.

மறுநாள் அக்கா ஈரத்துணியோடு போய், கூட்டம் பார்த்திருக்க, ஓரத்துக் கட்டைகள் இரண்டிலும் மஞ்சளைத் துடைத்தாள். சாமி குற்றமாகிவிடும் என்று ஒருவர் பதறினார். "இங்க சாமி இல்லண்ணே. என் புருஷன்தான் இருந்தாரு. அவரும் போயிட்டாரு. நீங்களும் வீட்டுக்குப் போங்க" என்றாள். ஏற்றாத ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கலைந்தார்கள்.

அவள் துடைத்ததைக் கேள்விப்பட்ட லோரிக்காரர் வர ஒப்புக்கொண்டார். நாளைக் காலை. ஆனால் நடுக்கட்டையில் கை பதிந்த முகத்தை மட்டும் ஒரு பலகை கனத்துக்கு அறுத்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஏற்ற வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. உங்களிடம் வேலை செய்த செல்வத்தைக் கூப்பிட்டேன். வந்தான், பார்த்தான், அறுக்கும் மிஷினைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணன் கைகிட்ட நான் மிஷின் வைக்கமாட்டேன்ணே. தூக்கச் சொல்லுங்க, தூக்குறேன்."

அப்புறம் யார் இருக்கிறார்கள்? நான்தான். பலாப்பழம் வெட்டினாலே கத்தி நழுவுகிறவன். ஒருமுறை மிஷினை என் கையில் கொடுத்துப் பார்த்து, "மரம் ஆடலடா, நீதான் ஆடுற" என்று பிடுங்கிக்கொண்டீர்களே, அதே ஆள். காலையிலிருந்து மாங்கிளைகளை அறுத்துப் பழகுகிறேன். நேராகத் தொடங்குகிறது, பாதியில் வாழையிலை மாதிரி கோணிக்கொள்கிறது. கட்டையில் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு நேராகத்தான் இருக்கிறது. பலகை மெலிந்துபோனால் வெடித்துவிடுமா, மச்சான்? மேலிருந்து இறங்க வேண்டுமா, பக்கவாட்டில் போக வேண்டுமா? யாரிடம் கேட்பேன்?

பெரிய பெரிய வாக்குக் கொடுத்தவன் நான். ஒரு கல்யாணத்தில் மழையை நிறுத்திக் காட்டுகிறேன் என்றுகூடச் சொல்லி, சம்பந்தி வீட்டாரை நனைய விட்டேன். இது அந்த மாதிரி இல்லை. நாளைக்கு மிஷின் எப்படித் துள்ளினாலும் துள்ளட்டும். உங்கள் ஐந்து விரலில் ஒன்றின் நுனிகூட அறுபடாது.

உங்கள் மிஷினைத் தொட்டுச் சொல்லும்,
உங்கள் பெண்டாட்டியின் ஒரே தம்பி,
மச்சினன் ராஜூ