அன்றைக்குக் காற்றில்லை

மகளின் அப்பாவுக்கு,

சிறையில் உடுக்க நீங்கள் கேட்ட சாரத்தையும் குளிக்கச் சவர்க்காரத்தையும் சட்டத்தரணியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்களிடம் ரியூசன் படிக்க வந்த பிள்ளையில் நீங்கள் கை வைக்கவில்லை என்று காட்ட என் சாட்சி வேணுமாம்.

"மிஸிஸ், முன்கதவு எப்பவும் திறந்துதான் கிடந்ததெண்டு கோட்டில சொன்னாக் காணும்," என்றார் சட்டத்தரணி.

வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு எங்கள் கதவு தானாகவே அடித்துச் சாத்தும். அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்தால்தான் திறந்து நிற்கும். அந்தப் பிள்ளை தனியே வரும் நாள்களில் குழவியை நீங்களே குசினி அடுப்படிக்குக் கொண்டுவந்து வைப்பீர்கள். கேட்டால், "இண்டைக்குக் காத்தில்லை" என்பீர்கள்.

எங்கள் மகளுக்கும் அவளின் வயதுதான்.

என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாமென்று அவரிடம் சொல்லுங்கள். ஏற்றினால், குழவி எங்கே கிடந்ததென்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா