ஸ்டெல்லாவின் விடைத்தாள்

14 ஜூலை 2009, செவ்வாய்

அஞ்சல் வழியில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் ஸ்டெல்லாவை நான் விரட்டிவிட்டதாக மருமகள் சொல்லித் திரிகிறாள். அது உண்மையல்ல. ஸ்டெல்லா இன்னும் விடைத்தாள் அனுப்புகிறாள்.

கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிறவள். போன மாதத் தாளின் ஓரத்தில், ‘டீச்சர், என் மகளுக்குக் காய்ச்சல் விடவில்லை’ என்று எழுதியிருந்தாள். பாடத்துக்குப் புறம்பானது என்று சிவப்பு மையால் அடித்து, இரண்டு மதிப்பெண்ணும் குறைத்து அனுப்பினேன்.

மருமகள் அன்றே கேட்டாள். “சங்கடத்தையில்லா எழுதியிருக்கா மாமி. அதுக்குமா மார்க்கக் குறைக்கது?”

இன்று வந்த தாளில் ஒரு பிழையும் இல்லை. ஓரம் வெறுமையாக இருந்தது. முழு மதிப்பெண் போட்டும் மனம் ஆறவில்லை. அடியில் எழுதி வைத்திருக்கிறேன்: ஸ்டெல்லா, பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது? தமிழிலேயே பதில் எழுது.