கறுப்புக் காகிதத்தில் விழுந்த மாவு

யோவ்,

உன் மகள் செல்விக்கு நீ செய்த கிட்டாரிலிருந்து மாவு கொட்டுகிறது. சலித்த கேழ்வரகு மாவைப்போல மெல்லிசு, நிறம் மட்டும் வெளிறிய மஞ்சள். இன்று காலை விரலில் தொட்டு மோந்தேன். மாம்பலகையின் புளிப்பு வாசனையோடு, புழுத்த அரிசிச் சாக்கைத் திறந்தால் வருமே, அந்த வாடையும் சேர்ந்து வந்தது. அந்த வாடை விரலில் இருக்கும்போதே இதை எழுதிவிடுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் உன் மகள் கீழ்பென்னாத்தூரிலிருந்து அதைப் பழைய போர்வையில் சுற்றிப் பஸ்ஸில் எடுத்து வந்தாள். அங்கே பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருக்கிறாள் இப்போது. அடி அண்ணாமலையில் நம் பட்டறைக்குள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கிட்டாரை மேசைமேல் கவிழ்த்துத் தட்டினாள். நடுவிலுள்ள வட்டத் துளையிலிருந்து மாவு விழுந்தது.

"பாருங்க மாமா. உயிரோட வண்டு இருக்கிற பலகைய யாராச்சும் போடுவாங்களா? ஊருக்கெல்லாம் அவ்ளோ பேசுவாரு, சொந்தப் பொண்ணுக்குச் செஞ்சதுல கோட்டை உட்டுட்டாரே எங்கப்பா!"

"வச்சிட்டுப் போம்மா, பாக்கறேன்" என்றேன்.

பலகை அறுப்பதும் வளைப்பதும் உன் வேலை, ஓட்டை அடைப்பது என் வேலை என்றுதானே இருந்தோம். கட்டிலும் கதவும் செய்துகொண்டிருந்தவர்கள், கிரிவலப் பாதையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரின் உடைந்த கிட்டாரை ஒட்டிக் கொடுக்கப் போய் இதில் மாட்டிக்கொண்டோம். மேல்பலகைக்கு அலை அலையாக வரி ஓடும் மாமரத்தை நீ எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வருவாய். நீ தேடிப் பிடித்ததை உனக்கு முன்னாலேயே வண்டு தேடிப் பிடித்திருக்கும். குண்டூசித் தலை அளவில் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகளாவது இருக்கும்.

ஓட்டை அடைக்கக் கடையில் டப்பாவில் விற்கும் பூச்சு உனக்குக் கண்டாலே ஆகாது. "கொழந்த கக்குன மாதிரி இருக்குது, அதப் போயி மரத்து மூஞ்சில பூசுவியா?" என்பாய். மரத்தூளை அமுக்கிச் சூப்பர் க்ளூ விட்டாலும் திட்டுதான், ஏனென்றால் பாலிஷ் ஏறியதும் அது எள் சிந்தியதுபோல் கறுத்து நிற்கும். அதே பலகையின் துண்டிலிருந்து ஓட்டைக்குச் சரியாக ஒரு முளை வெட்டி, பலகையில் வரி எப்படி ஓடுகிறதோ அப்படியே முளையிலும் ஓடும்படி திருப்பி வைத்து அடிக்க வேண்டும். கொஞ்சம் மாறினாலும் போச்சு. வெளிச்சத்தில் சாய்த்தால் பலகை முழுவதும் மின்னும், அந்தப் புள்ளி மட்டும் செத்துக் கிடக்கும். நீயும் சாய்த்து, தேடி, நகத்தால் தொட்டு, "இதோ" என்பாய். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. உன்மேல் எவ்வளவு எரிச்சல் பட்டிருக்கிறேன் தெரியுமா?

அடைப்பதற்கு முன்னால் உன் கறுப்புக் காகிதம். இந்தப் பௌர்ணமிக்குப் பலகையை அதன்மேல் வைத்தால் அடுத்த பௌர்ணமிக்குத்தான் தூக்கிப் பார்க்க வேண்டும். மாவு விழுந்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. பலகையைப் பாலித்தீனில் கட்டி, டவுனில் ஐஸ்கிரீம் கடைக்காரரின் ஃப்ரீசரில் கொண்டுபோய்ப் போடுவோம். "ஐஸ் பொட்டியா, பொணம் வைக்கிற எடமாய்யா இது?" என்று அவர் கத்துவார், நீ சிரிப்பாய். பிறகு மறுபடியும் காகிதம், மறுபடியும் ஒரு பௌர்ணமி.

செல்வியின் கிட்டார் பாதியில் நிற்கும்போது நீ படுத்துவிட்டாய். மேல்பலகை காகிதத்தின்மேல் இருந்தது. நாள் கம்மி என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குள் வந்ததும் நீ கேட்டது ஒன்றுதான்.

"காகிதம் எப்படி இருக்குது?"

"சுத்தமா இருக்குய்யா."

இல்லை. அன்று காலை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒரு ஓட்டைக்கு நேர் கீழே மாவு, ஒரு சிட்டிகைகூட இருக்காது. தோள் துண்டால் துடைத்துவிட்டேன். முடிந்த கிட்டாரை நீ கண்ணால் பார்க்க வேண்டுமே, உனக்காகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். த்தூ, என்ன நடிப்பு! "அவசரம் வேணாம்யா, நான் பாக்கலன்னா இன்னா, அவ வாசிச்சா போதும்" என்று நீயே சொன்னாய். கேட்டேனா? எனக்கு வேண்டியிருந்தது உன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை. அதைச் சொல்ல நீ உயிரோடிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்தே நாளில் முடித்து உன் கட்டிலுக்குக் கொண்டுவந்தேன். ஜன்னல் பக்கம் சாய்த்தாய், திருப்பிச் சாய்த்தாய், நகம் தேடிக்கொண்டே போனது. கடைசியில் கையை எடுத்துவிட்டு, "எங்கய்யா அடைச்ச? தெரியவே இல்லியே. நல்லா வந்திருக்குய்யா" என்றாய். நீ போன பிறகு இரண்டு வருஷம் அந்த வார்த்தையைத் தின்றுகொண்டுதான் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வாயெல்லாம் கசக்கிறது.

செல்வி போன மறுநாள் சூடு காட்டி மேல்பலகையைக் கழற்றினேன். உளி முனையால் முதல் முளையை நெம்பினேன். என் கையில் வந்ததிலேயே நல்ல முளை அது, வரியோடு வரி அப்படிச் சேர்ந்திருந்தது. அதன் அடியில் அரிசி அளவில் ஒரு வெளுத்த புழு நெளிந்தது. பக்கவாட்டில் தின்றுகொண்டே போயிருக்கிறது. மேலே உன் அலைகள் மின்னுகின்றன, அடியில் மரம் பஞ்சாகிக் கிடக்கிறது. சீ என்று கையை உதறினேன். புழுவைத் தொட்டதற்காக இல்லை, அந்த முளையைத் தொட்டதற்காக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வி வந்தாள். சொல்லிவிட்டேன்.

"உங்கப்பாவுக்குத் தெரியாதும்மா. மாவு இருந்துச்சு. நான் தொடச்சிட்டு, சுத்தம்னு சொன்னேன்."

"சாகப்போற மனுஷன்கிட்டயா பொய் சொன்னீங்க? எதுக்கு மாமா?"

"நல்லா இருக்குன்னு சொல்லுவான்னுதான்."

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு, "அன்னிக்குப் பஸ்ல வழியெல்லாம் அப்பாவத் திட்டிக்கிட்டே வந்தேன் மாமா" என்று அழுதாள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும், "எத்தினி பௌர்ணமி ஆனாலும் சரி, அவசரப்படாம முடிச்சிக் குடுங்க" என்றாள். அச்சு உன் குரல்.

பன்னிரண்டு முளைகளையும் பிடுங்கிவிட்டேன். பலகை ஃப்ரீசருக்குப் போய் வந்தது, கடைக்காரர் இந்தத் தடவை கத்தவில்லை. போன பௌர்ணமியன்று காகிதத்தின்மேல் வைத்தேன். நேற்றுப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டமெல்லாம் வடிந்து, குப்பை வண்டி வந்து போன பிறகு, காலையில் பலகையைத் தூக்கிப் பார்த்தேன்.

காகிதம் எப்படி இருக்குது என்று அன்றைக்கு நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். மாவு இருக்குதுய்யா. ஜாஸ்தியாவே இருக்குது. தொடைக்கல.