பைப்படிக்கு வரும் தொலைபேசி

என் அன்பு மச்சான் வீரையா,

நம் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, தொலைபேசி வருகிறது. பொதுத் தொலைபேசி, காசு போட்டு யாரும் எந்த நேரமும் பேசலாம். இடம் பைப்படி, லயமே தண்ணீர் பிடிக்கிற குழாயடி. இதை உறுதிப்படுத்தியவர் ஈப்போ தொலைபேசி அலுவலகத்தின் மேற்பார்வையாளர். முந்தாநாள் காலை அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டேன். நேற்று மறுபடியும் போய்க் கேட்டேன். யாழ்ப்பாணத்து மனிதர், சொல்லை அளந்து பேசுகிறவர். “ஓம், நீர் எழுதலாம். இடம் பைப்படிதான்” என்றார்.

பத்திரிகையில் இது ஆறு வரிச் செய்தியாக வரும். அந்த ஆறு வரியில் அடங்காததை உனக்கு எழுதுகிறேன். ஞாயிறு பதிப்பில் இதற்கு இடம் தந்திருக்கிறார்கள். உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

நீ போன பிறகு இங்கே வந்திருக்கிற மாற்றங்களைக் கேட்டால் நம்பமாட்டாய். ஈப்போவில் சில சாவடிகளில் காசுகூட வேண்டாம், ஓர் அட்டையைச் செருகினால் போதும். டவ்கேமார், அந்தச் சீன முதலாளிகள், காரில் போய்க்கொண்டே பேசுகிறார்கள். எங்கள் பத்திரிகை அலுவலகத்திலும் பேக்ஸ் என்று ஒரு கருவியை வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் கோலாலம்பூருக்குச் செய்தி சொல்ல டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்துக்கிடப்பேன். லைன் கிடைத்ததும் தொண்டை கிழிய வாக்கியம் வாக்கியமாகச் சொல்வேன். ஒருமுறை அதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு நீ கேட்டாய்: “எதுக்கு மச்சான் போனு? நீ கத்துற கத்துக்கு கேஎல்லுக்கு நேராவே கேக்கும் லா.”

இப்போது நான் கத்துவதில்லை. கையால் எழுதிய தாளை உள்ளே விட்டால், தமிழ் எழுத்து வளைவு நெளிவு மாறாமல் அங்கே இறங்குகிறது. தந்தியில் தமிழை ஆங்கில எழுத்தில் ஒடித்து ஒடித்து அனுப்பியவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. முதல் தாள் போனபோது உன் நினைவு வந்தது. ஏனென்றால், இத்தனையும் ஈப்போவில்தான். சுங்கை சிப்புட்டைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் நுழைந்துவிட்டால், இன்றைக்கும் நம் தோட்டத்து ஜனத்துக்கு இருப்பது ஒரே தொலைபேசி. அது தோட்டத்து ஆபீசுக்குள், கணக்கெழுதும் கிராணியின் மேசைமேல் இருக்கிறது. ஐந்து மணிக்கு ஆபீசைப் பூட்டிவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாய். நடுவில் நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. என் தங்கை சரசுவுக்கு அன்று மத்தியானம் வலி எடுத்தது. தலைப்பிரசவம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் விடுப்பில் இருந்தார். கிராணி சாவியோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நீ ஆபீசுக்கு ஓடி, சன்னல் கம்பிக்குள் தோள்வரை கையை நுழைத்துப் பார்த்தாய். கறுப்புத் தொலைபேசி கண்ணுக்கு முன்னால் இருந்தது, கை எட்டவில்லை.

பூட்டை உடைக்கச் சிலர் சொன்னார்கள். உடைத்தால் அன்றைக்கே வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். பிள்ளை பெற்றவளை எந்த வீட்டில் படுக்கவைப்பது? அதை யோசித்துக்கொண்டேதான் சைக்கிளை எடுத்துச் சுங்கை சிப்புட்டுக்கு மிதித்தாய். ஆம்புலன்ஸ் வந்தது. பிள்ளை பிழைத்தது. சரசு வழியிலேயே போய்விட்டாள்.

முன்னமே வண்டி வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அதனால் நானும் எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடுதான் நீ மீதிக் காலத்தை வாழ்ந்தாய் என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு தொழிற்சங்கக் கிளைக் கூட்டம் எப்போது நடந்தாலும், கடைசியில் எழுந்து நின்று லயத்துக்கு ஒரு தொலைபேசி வேண்டும் என்பாய். கூட்டம் சிரிக்கும். ரப்பர் பால் வண்டி ஓட்டும் சாமிக்கண்ணு ஒருமுறை, “யாருக்கு அண்ணே பேசப்போறீங்க? பிரதமருக்கா?” என்று கேட்டார். நீ கோபப்படவில்லை. “நான் ஒருத்தருக்கும் பேச வேணாம். ஆம்புலன்ச கூப்பிடணும், அம்புட்டுதான்” என்றாய். அதற்குமேல் அந்தக் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

உன் சாவுச் செய்தியைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். ஈப்போ ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சுவலி முற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அன்று பிழைத்த பிள்ளை, உன் மகள் மல்லிகா, கமுந்திங்கில் தொழிற்சாலையில் வேலையில் இருந்தாள். உடனே அங்கே போன் செய்தேன். இப்போது நடுவில் ஆள் வேண்டாம், எண்ணைச் சுழற்றினால் நேரே போகிறது. மறுமுனையில் எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். ஆனால் வேலை நேரத்தில் யாரையும் உற்பத்தி லைனிலிருந்து எழுப்பக்கூடாது என்பது அங்கே விதி. ஷிப்ட் முடிந்த பிறகுதான் மல்லிகாவிடம் சொன்னார்கள். அவள் வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தோம்.

கம்பி வழியாகக் குரல் ஒரு நொடியில் போய்விட்டது, மச்சான். அதற்குப் பிறகும் நடுவில் ஓர் ஆள் சாவியோடு நிற்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மல்லிகாவுக்கு அது என்னைவிட நன்றாகப் புரிந்திருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஒரு மலாய்க்கார இளைஞர் அளவெடுக்கத் தோட்டத்துக்கு வந்தார். உன் பழைய கோரிக்கை ஒருவழியாக அசைந்திருந்தது. எங்கே வைக்கலாம் என்று அவர் லயத்து ஆட்களிடமே கேட்டார். அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? எல்லாரும் ஒரே திசையில் கையைக் காட்டியிருக்கிறார்கள். ஆபீசை! வேலிக்கு உள்ளே, கிராணியின் சன்னலுக்குப் பக்கத்தில். நம்மாட்களுக்குத் தொலைபேசி என்றால் ஆபீஸ். வேறு இடம் யாருக்கும் தோன்றவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இந்தத் தோட்டத்தில் எது வேண்டுமென்றாலும் அந்த வாசலில் போய் நின்றுதானே கேட்டிருக்கிறார்கள்?

விஷயம் கேள்விப்பட்டதும் மல்லிகா லீவு போட்டுவிட்டு வந்தாள். கோயில் கூட்டத்துக்கு என்னையும் வரச்சொன்னாள். செய்திக்காகத்தான் போய் உட்கார்ந்தேன். கோயில் தலைவர் கண்ணுசாமி விளக்கினார்: ஆபீஸ் பக்கம் என்றால் காவலுக்கு ஆள் இருக்கும், பையன்கள் உடைக்கமாட்டார்கள், கிராணியும் மேற்பார்வை பார்த்துக்கொள்வார். பலர் தலையாட்டினார்கள். மல்லிகா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“மாமா, அஞ்சு மணிக்கு மேல அந்த கேட்டை யாரு தொறப்பா?”

“கேட்டா தொறப்பாங்க, பாப்பா. அவங்களும் மனுசங்கதான?”

“பூட்டுக்குள்ள ஒரு போனு ஏற்கனவே இருக்கு, மாமா. எங்கம்மா சாவுறப்பவும் இருந்துச்சு. இன்னொண்ணு எதுக்கு?”

அன்று சரசு பக்கத்தில் இருந்த பெண்களில் மூன்றுபேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற அஞ்சலையக்கா, சொன்னார்: “பைப்படியில போடச் சொல்லுங்க. விடியிறதுக்கு முன்னயிருந்து ஆளு இருக்குற எடம். எவன் உடைப்பான்னு நானும் பாக்கிறேன்.” கண்ணுசாமி, “சரி, அப்படியே எழுதிப்போடுவோம்” என்றார். மறுநாளே அவரே ஈப்போவுக்கு வந்து இடத்தை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். அதை ஏற்றுக்கொண்டதைத்தான் மேற்பார்வையாளர் என்னிடம் உறுதிப்படுத்தினார்.

உன் மகள் உன்னைப்போல் சிரிப்பதில்லை. ஆனால் நிற்கிற விதம் உன்னுடையது. அவளிடம் அதைச் சொன்னபோது, “எனக்கு அப்பா மாதிரி பொறுமை இல்ல மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு கமுந்திங் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். அந்தப் பொறுமைக்காக அவள் உன்மேல் வருத்தப்படுகிறாளா? எனக்குத் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் அவளிடம் என்ன பதில் சொல்லியிருப்பாய்?

இன்னும் முடியாதவை இரண்டு. பெரிய சாலையிலிருந்து பைப்படிவரை கம்பம் நட வேண்டும். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். அதற்கு மேனேஜர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். அவர் தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். தீபாவளிக்கு முன் பதில் வரும் என்று ஆபீசில் சொல்கிறார்கள். வந்துவிட்டால் ஆண்டு முடிவதற்குள் இணைப்புத் தருவதாக மேற்பார்வையாளர் சொல்கிறார். இரண்டாவது, தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு. அது இன்னும் உறுதியாகவில்லை. உறுதியாகாததை நான் எழுதுவதில்லை. உன்னிடம் மறைப்பதும் இல்லை.

தீபாவளிக்குள் பதில் வராவிட்டால், பண்டிகை முடிந்த முதல் திங்கட்கிழமை நானும் மல்லிகாவும் மேனேஜரை நேரில் பார்க்கப் போகிறோம். அவர் சந்திக்க மறுத்தால் அதையும் செய்தியாக எழுதுவேன். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, லயத்திலிருந்து ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடிகிற நாள்வரை இதைவிட்டு நகரமாட்டேன். இது என் வாக்கு.

உன் சரசுவின் அண்ணன்,
உன் மகளுக்குத் தாய்மாமன்
ஈப்போவிலிருந்து