காய்ச்சல் இல்லை

பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, எழுதியதும் இல்லை. அதனால் வெறும் அத்தானாகவே என் மனசில் இருக்கிற என் அருமை அத்தானுக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் இதுவரை காசி விசுவநாதர் சந்நிதியில் நின்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு எழுதுகிறேன். நேற்று உங்கள் சர்வகலாசாலைக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டேன். உங்களுக்காக அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய கடிதம் அது. இதை வேறு யாரும் படித்தால் படிக்கட்டும். மூடி வைத்தது போதும்.

நம் மகள் உலகுவைப் புளியங்குடி மாணிக்கத்துக்குக் கொடுத்திருக்கிறோம். உங்களிடம் கணக்குப் படித்த பிள்ளை. நீங்கள் நின்று பாடம் சொன்ன அதே இடத்தில் இப்போது அவர்தான் நிற்கிறார். கோடை லீவுக்கு இருவரும் தென்காசிக்கு வந்தார்கள். கூடவே அரக்கு முத்திரை வைத்த பரீட்சைப் பேப்பர்க் கட்டும் வந்தது. அதைக் கண்டதும் நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன்.

நாலாம் நாள் உலகு அடுப்பங்கரைக்கு வந்து நின்றாள்.

“அம்மா, அவுக காலையிலருந்து ஒரே பேப்பரைத்தான் வச்சிருக்காக. கூட்டுதாக, அழிக்காக, மறுபடி கூட்டுதாக. சாப்பிடக் கூப்பிட்டா, ஒரு பையன் பிழைப்பு இதுல இருக்குங்காக.”

அதே வார்த்தை, அத்தான். நீங்கள் சொன்ன அதே வார்த்தை.

உங்களுக்கு அது வந்த கோடையை நான் மறப்பேனா? கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பெரிய பெரிய கணக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறவர், மார்க்கைக் கூட்டத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டீர்கள். “இதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லேன்.” நான் பள்ளிக்கூடம் போகாதவள். நீங்கள் கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாளை வைத்து நானாகத் தமிழ் எழுத்தும் எண்ணும் படித்தவள். பேப்பரில் இருந்த இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது, எண் மட்டும் தெரியும். கூட்டிப் பார்த்து, “சரியா இருக்கு அத்தான்” என்பேன். “நிச்சயமா?” “நிச்சயம்.” உடனே பேப்பரை மூடிவிட்டுக் கொஞ்சம் சாய்ந்து படுப்பீர்கள். உங்களைக் குணமாக்க நான் போதும் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

உங்கள் அண்ணாச்சி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். “யுனிவர்சிட்டி பேப்பரை அடுப்பங்கரையில வச்சுக் கூட்டுதியேம்மா, வெளிய தெரிஞ்சா தம்பி வேலை என்னாகும்?” அவர் கேட்டதும் நியாயம்தான். அன்றைக்கே அவர் கையால் லீவுக் கடிதம் எழுதினார். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று போட்டார். சாரல் ஆரம்பித்திருந்தது. உங்கள் தலையில் எண்ணெயைத் தேய்த்துக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனோம். மூளைச் சூடு அருவியில் இறங்கிவிடும் என்றார்கள்.

அச்சன்புதூர் அம்மாளை நினைவிருக்கிறதா? நீங்கள் அருவியிலிருந்து வரும்போது உதடு அசைவதைப் பார்த்து, “சாமி ஜபம் பண்ணுதாக” என்று ஈரத்தரையில் உங்கள் காலில் விழுந்தாளே! நீங்கள் செய்தது ஜபமா? கூட்டல் அல்லவா! அவளைப் பார்த்து, “நாப்பத்தேழா, நாப்பத்தெட்டா, நீங்களே சொல்லுங்க” என்று கேட்டீர்கள். “நாப்பத்தெட்டு, சாமி! ஒரு மண்டலம் குளிக்கச் சொல்லுதாக!” என்று அவள் சந்தோஷமாக ஓடினாள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சீசன் முழுக்க நீங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் வேலைக்குத் திரும்பினீர்கள். காய்ச்சல்தானே, தெளிந்துவிட்டது என்று அங்கே நினைத்தார்கள். ஒழுங்காகத் திருத்துகிறவர் என்று மறுவருஷம் இரண்டு கட்டு அனுப்பினார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்ல? நாம் சொன்னதைத்தானே அவர்கள் நம்பினார்கள். நீங்கள் இளைத்தீர்கள். சோறு இறங்கவில்லை. கார்த்திகையில் நிஜமாகவே ஒரு காய்ச்சல் வந்து ஒன்பது நாளில் உங்களைக் கொண்டுபோய்விட்டது. சர்வகலாசாலை ஆபீஸிலிருந்து வந்த அனுதாபக் கடிதத்தில், “முன்பே அவரை வருத்திவந்த காய்ச்சல்” என்று எழுதியிருந்தார்கள். வாசித்துச் சொன்ன உங்கள் அண்ணாச்சி அந்த வரியோடு நிறுத்திக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். நானும் அவரும் அதைப் பற்றி அதற்கப்புறம் பேசவே இல்லை.

போன வாரம்தான் பேசினோம். மாணிக்கத்தின் விஷயம் கேள்விப்பட்டு, தாளும் பேனாவுமாக அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார்.

“காய்ச்சல்னு எழுதிருவோம். சீசன் தொடங்கப் போகுது. ஒரு மாசம் அருவியில நிக்கட்டும்.”

நான் கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன்: “வேண்டாம் பெரியத்தான். இந்தத் தடவை உள்ளதை எழுதுவோம்.”

“உள்ளதுன்னா? பைத்தியம்னா? எழுதிட்டு? மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிருவான். யுத்தக் காலத்துல வேற வேலைக்கு எங்கன போவாரு? ரெண்டு பிள்ளைகளை வச்சிருக்கா உலகு.”

“தெரியும் பெரியத்தான்.”

“தெரிஞ்சுதான் பேசுதியா? சரி, நீயும் வேண்டாம், நானும் வேண்டாம். அம்மன் சந்நிதியில பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ வந்தா என் இஷ்டம், சிவப்பு வந்தா உன் இஷ்டம்.”

நான் அம்மன் சொல்லுக்கு அடங்கியவள்தான், உங்களுக்குத் தெரியும். ஆனாலும், “பொய் எழுதலாமான்னு உலகம்மன்கிட்டப் போய்க் கேக்க எனக்கு வாய் வராது” என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

உங்கள் விஷயத்தில் எல்லாரும் பேசினோம். உங்களை ஒருவரும் கேட்கவில்லை. அதனால் மாணிக்கத்தைக் கேட்டேன். மாமியார் நேருக்கு நேர் நின்று பேசியதில் அவரே திகைத்துப் போனார்.

“அத்தை, மாமாவுக்குக் காய்ச்சல்னு சொன்னாகளே, அப்ப நான் ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டு வந்தேன். தொத்திக்கும்னு வாசல்லயே பையை வாங்கிட்டு அனுப்பிட்டாக. அவுகளுக்கும் இதுதான்னு இப்பத்தான் உலகு சொல்லுதா. இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் அத்தை.” பிறகு அவரே, “காய்ச்சல்னு எழுத வேண்டாம்” என்றார்.

அப்புறம் பேப்பரை என் பக்கம் நகர்த்தி, “இந்த ஒண்ணை மட்டும் கூட்டிச் சொல்லுங்களேன்” என்று கேட்டார். என் கை பேப்பருக்குப் போய்விட்டது, அத்தான். ஆனால் முந்தின ராத்திரியே, உங்களுக்கு வந்த கோடையில் நான் எழுதின வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்திருந்தேன். பாலும் நெல்லும் எழுதின பக்க ஓரத்தில், நீங்கள் என்னை எத்தனை தடவை கூப்பிட்டீர்கள் என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் நாள் ஒன்று. பத்தாம் நாள் ஒன்பது. கடைசி நாளில் கோடு போட இடமில்லை. நான் சரி என்று சொல்லச் சொல்ல, உங்கள் மனசு இன்னொரு சரி கேட்டிருக்கிறது. நான் மருந்து என்று நினைத்துக் கொடுத்தது எது? எழுதி வைத்தவளே அதைக் கூட்டிப் பார்க்க இத்தனை வருஷமா?

“கூட்ட மாட்டேன் மாப்பிள்ளை. கோவிச்சுக்காதீங்க” என்றேன். அவர் அழுதார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கழித்து அவரே பேப்பரை மூடினார்.

கடிதத்தை நான் தமிழில் சொல்ல, மாணிக்கம் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். “போட்ட கூட்டலையே திரும்பத் திரும்பப் போடுகிறேன். தூக்கமும் சாப்பாடும் குறைந்துவிட்டன. மனசு நோய்ப்பட்டிருக்கிறது. வைத்தியரைப் பார்க்க இருக்கிறேன். பேப்பர்க் கட்டைத் திருப்பி அனுப்புகிறேன். ஓய்வு வேண்டும், வேலையும் வேண்டும்.” கடைசி வரி என்னுடையது: “காய்ச்சல் இல்லை.”

கட்டைத் தபாலாபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனது யார் தெரியுமா? உங்கள் அண்ணாச்சி. வாசலில் மாணிக்கம், “ஒரு தடவை எண்ணிப் பார்த்துரட்டுமா?” என்றார். “எண்ணுனா நானும் கூட எண்ணணும். எனக்குக் கண்ணு தெரியாது, நடங்க மாப்பிள்ளை” என்று அண்ணாச்சி இறங்கி நடந்துவிட்டார்.

பதில் எப்படி வருமோ தெரியாது. வேலை போனாலும் போகலாம். உலகுவிடம் அதையும் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். சாரல் விழுந்ததும் எல்லாரும் குற்றாலத்துக்குப் போவோம். சூடு இறக்க அல்ல, ஒளிக்கவும் அல்ல. குளிக்க.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அங்கிருந்து எந்தப் பதில் வந்தாலும், உங்களுக்கு வந்தது என்ன என்று யார் கேட்டாலும், இந்த வீட்டில் இனி அந்தப் பொய்க் காய்ச்சல் வராது. நான் வர விடமாட்டேன்.

அன்றைக்குத் தவறாகச் “சரி” சொன்ன,
உங்கள் மாமன் மகள்.