தாயில்பட்டியில் மூச்சுப் பரிசோதனை

அன்பு மனைவிக்கு,

மகளும் பேரனும் நலமா?

பட்டாசுத் தொழிலாளர்களின் நுரையீரல் ஆய்வில் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் சங்கமும் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரே வகுப்புக்கு மூன்று லீடர் வைத்தது போல. ஒருங்கிணைப்பாளர் என்று எனக்குப் பெயர்தான். நீ போன மாதம் மகள் பிரசவத்துக்குக் கிளம்பும்வரை சும்மா துணைக்கு வந்தவள்.

நேற்று தாயில்பட்டியில் ஊதும் குழாயை நீட்டினேன். தொழிலாளர் வரிசையில் முதலில் நின்ற சோலையம்மாள் கையைக் கட்டிக்கொண்டாள். "அக்கா வரலையா? வேலை விட்டுக் குளிச்ச பெறகுதான் அவுக கூப்பிடுவாக. நீங்க மேலெல்லாம் வெடிமருந்தோட நிக்கவச்சுப் பாடம் எடுக்கீக, சார்."

பேராசிரியர், டாக்டர், சங்கத்துக்காரர் மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் ஒத்துப்போனது அதில்தான். பிறகு இன்னொன்றிலும்: இனி உன்னையே ஒருங்கிணைப்பாளராகப் போட வேண்டுமாம். சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

பேரனுக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. நீ அவசரப்பட்டு வர வேண்டாம்.

என்றும்,
உன் கணவன்