கவசனின் இரண்டாம் பாகமும் 12பி பஸ்ஸும்

ஜூன் 3, செவ்வாய்

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். அது ஓடினால் ஃபோன் தப்பும் தவறுமாக எழுதிக்கொள்ளுமாம். மகள் மஹ்விஷ் ஹைதராபாத்திலிருந்து சொன்னாள். "அம்மா போனதுலேருந்து நீங்க யார்கிட்டயும் பேசறதில்ல அத்தா. தினம் இதுல பேசுங்க, அதுவே எழுதிக்கும்."

எனக்கு எழுதவும் தெரியாது, எழுதினதைப் படிக்கவும் தெரியாது. மைக் முன்னால் முப்பத்தைந்து வருடம் நின்றவன், அதனால் தனியாகப் பேசினாலும் அச்சுத் தமிழ்தான் வருகிறது. பேர் ஷரஃபுதீன். வயது எழுபத்து நாலு. மயிலாப்பூர், லஸ் பக்கம். சாப்பாடு முடிந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவ இரண்டு நிமிஷம்.

இன்றும் 'கவசன்' இரண்டாம் பாகம் பார்த்தேன். இங்கிலீஷ் படம். தமிழில் கவசனுக்கு டில்லிபாபு குரல், துறைத் தலைவருக்கு என் குரல்.

ஜூன் 5, வியாழன்

முதல் பாகம் குழந்தைகளுக்கு. கடலிலிருந்து ராட்சசன் வருவான், கவசன் தூக்கி எறிவான், முடிந்தது. இரண்டாம் பாகத்தில் ராட்சசனே கிடையாது. மந்திரிகள், பூட்டின அறைகள், ஃபைல்கள். கவசன் உடம்பில் குண்டு பாயாது. ஆனால் தான் வேலை செய்கிற துறையே ஊரில் ஒவ்வொரு வீட்டையும் ஒட்டுக்கேட்கிறது என்று தெரிந்ததும் ஆள் ஆடிப்போய்விடுகிறான். எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறவன் யார் பக்கம்? படம் முழுக்க அந்த பயம்தான்.

நான் குரல் கொடுத்த துறைத் தலைவர் ஒரு தாளை நீட்டுவார். "நான் படித்துவிட்டேன். நீ கையெழுத்தை மட்டும் போடு."

கவசன் சொல்வான்: "படிக்காமல் போட மாட்டேன், ஐயா."

அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு தாழ்ந்த குரல். டில்லிக்கு மட்டும்தான் அப்படி வரும். அந்த இடம் வந்தால் படத்தை நிறுத்திவிடுவேன். இன்றும் நிறுத்தினேன்.

ஜூன் 7, சனி

பக்ரீத். தொழுதுவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு இனாயத் பிரியாணி கொடுத்துவிட்டுப் போனார். முன்பெல்லாம் பட்டினப்பாக்கத்துக்கு ஒரு டிபன் கேரியர் போகும். அடித்தட்டில் கறி, மேல்தட்டில் தால்ச்சா. டில்லிக்கு.

ஜூன் 8, ஞாயிறு

சொல்லிவிடுகிறேன். ஃபோனிடம் சொல்ல என்ன வெட்கம்?

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது ஸ்டுடியோவில் ஒருத்தருக்கும் தெரியாது. வசனத் தாளை முந்தின நாளே வாங்கி வந்துவிடுவேன். ஜமீலா, என் மனைவி ஜமீலுன்னிசா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே படிப்பாள். இரண்டாம் தடவையில் எனக்கு ஏறிவிடும். ஸ்டுடியோவிலேயே வசனத்தை மாற்றினால், "ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க, உதட்டசைவு பார்க்கணும்" என்பேன். யாரும் சந்தேகப்பட்டதில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. கவசன் இரண்டாம் பாகத்தின் டப்பிங் முடிந்த கடைசி நாள். கூட்டம் வருகிற காட்சிகளுக்குக் கும்பல் குரல் கொடுக்கிற பெண்கள் நாள் பூராவும் நின்றே கிடக்கிறார்கள், நாலு நாற்காலி போடுங்கள் என்று டில்லி மேனேஜரிடம் சண்டை போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். "எல்லாரும் போட்டாச்சு பாய். ஒரு பார்வை பாத்துட்டு நீங்களும் போட்டுடுங்க."

வழக்கம்போல் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினேன். மனசுக்குள் இருபது வரை எண்ணினேன். தலையை ஆட்டி, "சரியாத்தான் எழுதியிருக்கு" என்றேன். ஜமீலா சொல்லிக்கொடுத்த கையெழுத்தை வரைந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டில்லி நின்றிருந்தான். நான் செய்ததைப் பார்த்தான், சொன்னதையும் மைக் வழியாகக் கேட்டான்.

சாயங்காலம்தான் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது, அது அவன் மேல் எழுதின புகார். குடித்துவிட்டு வருகிறான், அவனோடு வேலை செய்ய முடியாது என்று. டில்லி டீயைத் தவிர ஒன்றும் குடித்து நான் பார்த்ததில்லை. அதோடு அவனை எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. மனைவி மேகலாவின் மீன் கடையில் எடை போடுகிறான். கவசன் குரலில் வஞ்சிரம் விலை சொல்கிறானாம்.

ஜமீலா அன்றைக்கே கேட்டாள். "படிக்கத் தெரியாதுன்னு சொல்றது கேவலமா? படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டீங்கன்னு அவர் நெனைக்கிறது கேவலமா?"

டில்லியிடம் போய் நான் சொல்லவில்லை. இன்று, நாளை என்று பதின்மூன்று வருடம். அவளும் போய்விட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

வடபழனியிலிருந்து அன்புக்கரசி என்று ஒரு பெண் ஃபோனில் கூப்பிட்டாள். கவசன் இரண்டாம் பாகத்தை மறுபடி தியேட்டரில் போடுகிறார்களாம். பழைய தமிழ் ஒலியில் ஒரு துண்டு கெட்டுப்போயிருக்கிறது. "ஒரே சீன்தான் சார். அந்தத் தாள்ல கையெழுத்து கேப்பீங்களே, அது. டில்லிபாபு சாரும் வர்றேன்னுட்டார். ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்கவெச்சு எடுத்தாத்தான் அந்தச் சூடு கிடைக்கும்."

டில்லி வருகிறானா? என் பேரைச் சொன்னாளா அவனிடம்?

அதைக் கேட்காமலே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

12பி பட்டினப்பாக்கத்தில் கிளம்பி லஸ் வழியாக வடபழனி போகிற பஸ். அந்தக் காலத்தில் டில்லி ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு வைப்பான். இன்று அவன் இருந்துவிடுவானோ என்று இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதில் நின்றுகொண்டே போனேன்.

ஸ்டுடியோவில் எனக்கு முன்னால் வந்திருந்தான். முடி பூராவும் வெள்ளை. "வணக்கம்" என்றான். அவன் எனக்கு வணக்கம் சொல்வது முதல் தடவை.

பழைய வசனம் எனக்கு மனப்பாடம். ஆனால் அன்புக்கரசி புதுத் தாளை நீட்டினாள். "நாலு வரி மாத்தியிருக்கோம் சார், ஒரு பார்வை பாத்துக்கங்க."

அதே வார்த்தை. என் கை தானாகத் தாளைத் தள்ளிப் பிடித்தது. கண் தானாக ஓடியது. எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு, ஒன்பது. டில்லி பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. 'சொல்லிக் காட்டும்மா, உதட்டசைவு பார்க்கணும்' என்று சொன்னால் போதும், தப்பித்துவிடலாம்.

தாளைக் கீழே வைத்தேன். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றேன். அவளிடம் சொன்னேன், முகம் டில்லி பக்கம் இருந்தது.

அவன் சிரித்தான். "இன்னா பாய், காமெடி பண்றியா? பத்து வருசம் பஸ்ல தெனம் பேப்பர் விரிச்சினு வந்தியே!"

"படம் பாப்பேன் டில்லி. படம் நேரா இருந்தா எழுத்தும் நேரா இருக்கும்ல."

"ஒரு நாளாச்சும் என்னாண்ட சொன்னியா நீ?"

"யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு அந்த மேனேஜர் தாளையும் இப்பிடித்தான் புடிச்சேன். இப்பிடித்தான் பாத்தேன். அதுல இன்னா இருந்துச்சுன்னு எனக்கு..."  

டில்லி நான் கீழே வைத்த தாளைப் பார்த்தான். "அப்பால ஏன் வந்து சொல்லல? வூடு தெரியாதா? பதிமூணு வருசம் பாய். 'சரியாத்தான் எழுதியிருக்கு'ன்னியே, அத்தத்தான் ராவும் பகலும் கேட்டுகினு கெடந்தேன் நானு."

 வெட்கம் என்று சொன்னால் பதிலாகுமா?

அன்புக்கரசிதான் வரிகளைப் படித்துக் காட்டினாள். ஒரே டேக். "படிக்காமல் போட மாட்டேன், ஐயா" என்று டில்லி சொன்னபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிப் போய்விட்டான்.

ஜூன் 13, வெள்ளி

ஃபோன் அடிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஃபோன் அடித்தது. ஏதோ கடன் அட்டை வேண்டுமா என்றார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் பேசிக்கொண்டிருந்தேன்.

சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எங்கே இறங்கியது? என் தலையிலிருந்து எடுத்து அவன் தலையில் வைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. இத்தனை நாள் அவனுக்குக் கோபமாவது இருந்தது.

ஜூன் 28, சனி

இன்று வடபழனியில் கவசன் காலைக் காட்சி. அன்புக்கரசி எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பியிருந்தாள். கையில் சும்மா இருக்கட்டும் என்று வழக்கம்போல் பேப்பர் வாங்கிக்கொண்டு லஸ்ஸில் நின்றேன்.

12பி வந்தது. ஏறினேன். மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் டில்லி. பக்கத்தில் துண்டு. ஒரு அம்மாள் உட்காரப் போனாள். "ஆள் வருது தாயே" என்றான். என்னைப் பார்க்காமலே துண்டை எடுத்தான்.

உட்கார்ந்தேன்.  பனகல் பார்க் வந்ததும் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தான். அந்தப் புகாரின் நகல். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

"நீ போட்ட கையெழுத்து. இன்னான்னு நீ கேக்கவே இல்லியே. கேளு."

படித்தான். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நிறுத்தாமல் படித்தான். பதினொரு வரி. அவன் குடிகாரன், பெண்களிடம் தரக்குறைவாகப் பேசுகிறவன். பெண்களிடம்! நாற்காலி கேட்டவனை! கடைசியில் ஆறு பேர். ஆறாவது என் பேர்.

"இன்னொரு வாட்டி படி" என்றேன்.

படித்தான். எனக்கு இரண்டு தடவை போதும். இனிமேல் ஒரு எழுத்துகூட மறக்காது, சாகிறவரைக்கும். கண்ணைத் துடைக்கத் துண்டைக் கொடுத்தான். மீன் வாசனை அடித்தது.

"ஜமீலாம்மா போய்ச்சேந்த சேதியும் லேட்டாதான் தெரிஞ்சுது. இப்ப யாரு உனுக்கு படிக்கிறா?"

"யாரும் இல்ல."

கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறியது பஸ். டில்லி அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். எனக்குக் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. என் மடியில் இருந்த பேப்பரை எடுத்து விரித்து, தலைப்பிலிருந்து சத்தமாக ஆரம்பித்தான்.